கோட்டுக்கும் மணலுக்கும் நடுவே

“நீங்க குடுத்த பேடு பிடிக்கலைங்க அம்மணி.”

சென்னியப்பன் துணிப்பையிலிருந்து நாலு பிரேக் பேடையும் எடுத்துப் பட்டறை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார்.

சாரதாமணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவற்றைப் பார்த்தார்.

“சரிங்ணா” என்றார்.

அவ்வளவுதான்.

சென்னியப்பனுக்குச் சப்பென்று போய்விட்டது. வருகிற வழியெல்லாம் ஒரு சண்டைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவர். அம்மணி இப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன், அதற்கு அம்மணி இப்படி வந்தால் நான் அப்படிப் போவேன் என்று எல்லாம் தயாராக இருந்தது. எதிராளி வாயைத் திறக்காவிட்டால் மனிதன் யாரோடு சண்டை போடுவது?

சென்னியப்பன் கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்து விற்கிறவர். ஐம்பதைத் தாண்டியாயிற்று. மாவாட்டும் கல்லோடு காலம் தள்ளிய மனிதருக்கு டிராக் ரேஸ் பைத்தியம் எப்படி வந்தது என்று அவர் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. வந்துவிட்டது, அவ்வளவுதான்.

டிராக் ரேஸில் வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் நேராகப் பறக்கும். கால் மைல் தள்ளி ஒரு வெள்ளைக்கோடு. முதலில் தாண்டியவர் ஜெயித்தார்.

ஆனால் தாண்டிய கார் நிற்கவும் வேண்டுமே. கோட்டுக்கு அப்பால் கொஞ்ச தூரம் தார்த்தளம். அதற்கப்புறம் மணல். மணலுக்குப் பின்னால் பழைய டயர்களை அடுக்கிய சுவர். சுவரோரமாகக் கொடி பிடித்துக்கொண்டு, ஆபத்து வருகிறதா என்று பார்க்க ஒரு மார்ஷல்.

போன மாதம் சென்னியப்பனின் கார் நிற்கவில்லை. மணலைக் கிழித்துக்கொண்டு போய் டயர் சுவரில் மோதியது. சுவரோரம் நின்ற மார்ஷல் எகிறிக் குதித்து விழுந்ததில் அவருடைய வலது தோள் எலும்பு முறிந்தது. சென்னியப்பனுக்கு ஒரு கீறல் இல்லை. அதுவே அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அந்த பேடு சாரதாமணி போட்டுக் கொடுத்தது. அவர் சென்னியப்பனைவிடப் பத்து வயது சின்னவர். ஒரு காலத்தில் அதே தளத்தில் ஒருத்தரையும் முன்னால் விடாதவர். இப்போது ரேஸ் கார்களுக்கு பிரேக் வேலை மட்டும் பார்க்கிறார். சென்னியப்பனுக்கு அந்தக் காரை ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். குருவைப் போய்ச் சின்னப் பெண்ணைப் போல அம்மணி என்று கூப்பிடலாமா என்றால், கோயம்புத்தூரில் கூப்பிடலாம். ‘ங்க’ போட்டால் போதும். சென்னியப்பன் அதில் குறை வைத்ததில்லை.

“என்னங்க, சரின்னுட்டீங்க? அங்க ஒரு மனுசன் தோள் முறிஞ்சு கிடக்கிறாருங்க.”

“தெரியுங்ணா. நேத்துத்தான் போய்ப் பாத்துட்டு வந்தேன்.”

சென்னியப்பன் முக்காலியில் உட்கார்ந்தார். கோபம் வடிந்துவிட்டது. அடியில் இருந்தது மேலே வந்தது.

“அடுத்த மாசம் ஒரு டெஸ்ட் ஓட்டம் குடுத்திருக்கறாங்க அம்மணி. சக்கரம் மணலைத் தொட்டா அத்தோட எனக்கு ரேஸ் லைசென்ஸ் கிடையாது. அது போனாப் போகட்டுங்க. தோள் முறிஞ்ச அந்த பி.டி. மாஸ்டர் இருக்கறாரே, மறுபடியும் அதே இடத்துல நான்தான் நிப்பேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறாருங்க. எனக்கு அதுதானுங்க பயமா இருக்குது.”

“ம்.”

“உலகத்துலயே நெம்பப் பிடிக்கற பேடு எதுங்க? அதைப் போடுங்க.”

“அண்ணா எதாவது பாத்து வெச்சிருப்பீங்களே?”

வைத்திருந்தார். காருக்குப் போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். வெளிநாட்டுச் சரக்கு. கறுப்புப் பெட்டி, தங்க எழுத்து. பெட்டியைத் திறக்கும்போது அவர் முகத்தில், மாப்பிள்ளை போட்டோவைக் காட்டுகிற பெண் வீட்டாரின் களை இருந்தது.

“சர்க்யூட் ரேஸ்ல போடற பேடுங்க. மணிக்கணக்கா ஓடி, டிஸ்க்கு செவசெவன்னு பழுத்தாலும் விடாதாம். சூடு ஏற ஏற இன்னும் இறுக்கிப் பிடிக்குமாம்.”

சாரதாமணி பேடைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“காலைல என்ன சாப்பிடுவீங்கண்ணா?”

“எதுங்க?”

“பலகாரம்.”

“தோசைங்க.”

“நாளைக்கு என்கூடச் சாப்பிடுங்க.”

மறுநாள் காலையில் ஒண்டிப்புதூர் மெஸ்ஸின் கதவு திறக்கும்போதே சாரதாமணி சென்னியப்பனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். மெஸ் நடத்துகிற அம்மா அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைத்திருந்தார்.

“அண்ணாவுக்கு ஒரு தோசை ஊத்துங்க்கா.”

“கல்லு இன்னும் காயலைங்க. செத்த நேரம் உக்காருங்க, சுடச்சுடத் தரேன்.”

“இல்லீங்க்கா. இப்பவே ஊத்துங்க.”

“பிஞ்சு போயிருமுங்க.”

“பிய்யட்டும்.”

“அதை நான் மனுசங்க இலையில வெக்கறதில்லைங்க.” அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தொழிலில் மானம் உள்ளவர். ஆனாலும் சாரதாமணி நின்ற நிலையைப் பார்த்து ஒரு கரண்டி மாவை எடுத்து ஊற்றினார். அது கல்லோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுரண்டி எடுத்ததில் பாதி வெந்ததும் பாதி வேகாததுமாக, வெள்ளை வெளேரென்று கந்தலாக இலைக்கு வந்தது.

சென்னியப்பன் குருவின் முகத்தைப் பார்த்தார். குரு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சாப்பிட்டார்.

அதற்குள் கல் காய்ந்துவிட்டது. மெஸ்கார அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தோசையை முறுகலாக, பொன்னிறமாக எடுத்து, நெய் மணக்க அவர் இலைக்குக் கொண்டு வந்தார்.

சாரதாமணி கையை நீட்டி அந்த இலையை உள்ளங்கையால் மூடினார்.

“அண்ணாவுக்கு ஒன்னுதானுங்க்கா.”

“அய்ய, இதென்னங்க அநியாயம்!”

“அவருக்கு ஒன்னேதான்.”

சென்னியப்பன் அந்தக் கையைப் பார்த்தார். நெய் வழியும் தோசையைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“என்னோட வண்டி ஒரே தோசைதானுங்களே ஊத்துது!”

சர்க்யூட் கார் சுற்றிச் சுற்றி ஓடுவது. வளைவுக்கு வளைவு பிரேக் மிதிபடும். முதல் வளைவில் பேடு கொஞ்சம் சோம்பினாலும் சூடேறியதும் சரியாகிவிடும். டிராக் கார் ஜில்லென்ற பேடோடு கிளம்பி, கோட்டைத் தாண்டி, ஒரே ஒரு தடவை மிதிபடும். அந்த ஒரு தடவையும் பேடு ஜில்லென்றுதான் இருக்கும்.

“கல்லு காயறதுக்குள்ள நான் மணலுக்குள்ள இருப்பேனுங்க.”

சாரதாமணி கையை எடுத்தார். பொன்னிறத் தோசை இலையில் விழுந்தது. அதற்குமேல் இரண்டு பேரும் எத்தனை சாப்பிட்டார்கள் என்பது மெஸ்கார அம்மாவுக்குத்தான் தெரியும்.

கறுப்புப் பெட்டி காரின் டிக்கிக்குள் போனது. அதைப் பற்றி அப்புறம் பேச்சில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் சென்னியப்பன் உற்சாகமாகக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

“இப்பப் புரிஞ்சுதுங்க. ஜில்லுன்னு இருக்கறப்பவே கப்புனு பிடிக்கணும். எது அப்படிப் பிடிக்கும்?”

சாரதாமணி அலமாரியிலிருந்து ஒரு பேடை எடுத்து வைத்தார். “இது பிடிக்கும்.”

சென்னியப்பன் அதைத் திருப்பிப் பார்த்தார். மேசையில் நேற்று அவர் போட்ட பேடுகளையும் பார்த்தார். முகம் சுருங்கியது.

“அதேதானுங்களே இது?”

“அதேதானுங்ணா.”

“இதுக்கு மேல ஒன்னு இல்லீங்களா?”

“இருக்கு.” இன்னொன்றை எடுத்து வைத்தார். “இது இன்னும் முரட்டுத்தனமாப் பிடிக்கும்.”

“அதைப் போடுங்க!”

“பேடு சக்கரத்தைத்தான் பிடிக்குமுங்ணா. ரோட்டைப் பிடிக்கறது டயர். சக்கரம் சுத்தாம அப்படியே நின்னுட்டா டயர் வழுக்கும். அப்பவும் மணலுக்குத்தான் போவீங்க. குறுக்கால போவீங்க, அதான் வித்தியாசம்.”

சென்னியப்பன் அந்தப் பேடைத் தள்ளி வைத்தார். நேற்று வடிந்த கோபம் மெல்ல எட்டிப் பார்த்தது.

“அது வேண்டாம், இதுவும் வேண்டாம், இருந்தது பத்தாது. அப்ப நான் என்னதாங்க பண்றது?”

சாரதாமணி பழைய பேடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் அதன் முகத்தைத் தடவினார். ஓரங்களைப் பார்த்தார். நிறம் மாறவில்லை. கருகவில்லை. ஓரம் உதிரவில்லை. பாதிகூடத் தேயவில்லை.

“அன்னிக்கு எப்ப மிதிச்சீங்கண்ணா?”

“கோட்டைத் தாண்டினதுமுங்க.”

“தாண்டினதுமா?”

“தாண்டின உடனேங்க. அதென்ன அப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

“சரிங்ணா.”

பேடை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார்.

அந்த ‘சரிங்ணா’ சென்னியப்பனுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் காதிலேயே இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் அவர் பி.டி. மாஸ்டரைப் பார்க்கப் போனார். அந்த மார்ஷலின் பெயர் லூர்துராஜ். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் காசு வாங்காமல் ரேஸுக்கு வந்து வெயிலில் கொடி பிடிப்பார். உலகத்தில் இப்படியும் சிலர் இருக்கிறார்கள்.

வலது கை கழுத்திலிருந்து தொங்கியது. வாயில் விசில். மைதானத்தின் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளை விசிலாலேயே விரட்டிக்கொண்டிருந்தார். சென்னியப்பனைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்கண்ணா! பேடு மாத்தியாச்சுங்களா?”

“பாத்துட்டிருக்கேனுங்க மாஸ்டர்.”

“நல்லதாப் பாத்துப் போடுங்க. ஆனாலும் பாருங்க, சாரதாமணியக்கா போட்ட பேடு இப்படிக் கைவிடும்னு நான் நினைக்கவே இல்லைங்க. நீங்க சொன்னதால நம்பறேன்.”

சென்னியப்பன் கையிலிருந்த ஆரஞ்சுப் பையை மறு கைக்கு மாற்றினார்.

“நம்ம பசங்க ரெண்டு மூணு பேர் வண்டியை வேற பட்டறைக்குக் கொண்டு போயிட்டாங்களாமே? அக்கா ஒரு வார்த்தை சொல்லலைங்க. முந்தாநேத்து வந்திருந்தாங்க, கேட்டேன். ‘வண்டி அவங்களுது, அவங்க இஷ்டம்’னுட்டாங்க.”

“மாஸ்டர், டெஸ்ட் அன்னிக்கு நீங்க அங்க நிக்க வேண்டாமுங்க. வேற ஆளை நிக்கச் சொல்லுங்க.”

“அதெப்படீங்ணா? உங்க வண்டி வந்து நிக்கறதை நான் அங்க நின்னு பாத்தாகணும்.” லூர்துராஜ் குரலைத் தாழ்த்தினார். “கண்ணை மூடினா அன்னிக்கு வந்த மாதிரியே வருதுங்க. இப்ப நான் ஒதுங்கிட்டேன்னா அப்புறம் எப்பவும் அங்க போய் நிக்க மாட்டேன். எனக்கே தெரியும். பேடு மாத்திட்டீங்கன்னு தெரிஞ்சா போதும், தைரியமா நிப்பேன்.”

சென்னியப்பனுக்கு அந்த மனிதரின் காலில் விழலாம் போலிருந்தது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை. வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களை நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி நாள். சாரதாமணி போன் செய்தார்.

“டிராக்குக்கு வாங்கண்ணா. வண்டி வேண்டாம். ஆள் மட்டும்.”

அது ஊருக்கு வெளியே, விமானங்கள் இறங்குவதை என்றைக்கோ நிறுத்திவிட்ட பழைய ஓடுதளம். சென்னியப்பன் போனபோது சாரதாமணி ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றையும் மஞ்சள் கொடி ஒன்றையும் நீட்டினார்.

“மாஸ்டர் இடம் காலியா இருக்கு. இன்னிக்கு அங்க நீங்க நில்லுங்க.”

“நானுங்களா? அங்க நின்னு என்ன பண்ணணுங்க?”

“பேடு எப்பப் பிடிக்குதுன்னு பாருங்க.”

“எல்லார் பேடுமா?”

“எல்லார் பேடும்.”

சென்னியப்பன் டயர் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். இத்தனை வருடத்தில் அந்த இடத்திலிருந்து ஓடுதளத்தை அவர் பார்த்ததே கிடையாது. எப்போதும் உள்ளேயிருந்து வெளியே பார்த்தவர். முன்னால் மணல். மணலுக்கு அப்பால் தார். தூரத்தில் வெள்ளைக்கோடு. கோட்டைத் தாண்டியதும், ஓட்டி வருகிறவருக்கு வலது கைப்பக்கம், ஓட்டிய நேரத்தைச் சிவப்பு எண்களில் காட்டும் பெரிய பலகை. மனிதர்கள் யாரும் இல்லை. காற்று மட்டும்தான்.

முதல் இரண்டு கார்கள் கிளம்பின.

கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் கார்களே வந்துவிட்டன. நேராக அவரைப் பார்த்து வந்தன. சென்னியப்பனின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. மிதிப்பதற்கு அங்கே பெடல் இல்லை.

கார்கள் கோட்டைத் தாண்டின. பிரேக் மிதித்தால் காரின் மூக்கு தாழும். அது அவருக்குத் தெரியும். மூக்கு தாழவில்லை. இன்னும் தாழவில்லை. பிறகு தாழ்ந்தது. மணலுக்கு முன்னால் கார்கள் நின்றன.

“இதென்னங்கய்யா, இவ்வளவு தாமசமாப் பிடிக்குது?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “இவங்க பேடும் சரியில்லையோ?”

அடுத்த ஜோடி வந்தது. அதே கதை. கோடு, பிறகு ஒரு வெற்றிடம், பிறகு மூக்கு.

மூன்றாவது ஜோடி வரும்போது அவர் காரின் மூக்கை விட்டுவிட்டு உள்ளே இருந்த ஆளைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோட்டைத் தாண்டியதும் அந்த ஹெல்மெட் வலது பக்கம் திரும்பியது. ஒரு கண் சிமிட்டும் நேரம். திரும்பி நேராக வந்தது. அப்புறம்தான் மூக்கு தாழ்ந்தது.

பக்கத்துக் காரின் ஹெல்மெட்டும் அப்படியே.

சென்னியப்பன் அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே பலகை சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு காரிலும் ஹெல்மெட்டை மட்டுமே பார்த்தார். எல்லாம் திரும்பின. பெரிய ஆள், சின்ன ஆள், கோப்பை வாங்கியவர், வாங்காதவர், எல்லோரும் பலகைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பிரேக்குக்கு வந்தார்கள். அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் கார் எவ்வளவு தூரம் வந்துவிடுகிறது என்பது உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியாது. இங்கே நிற்கிறவனுக்குத் தெரியும்.

ஒரே ஒரு காரின் மூக்கு மட்டும் கோட்டைத் தாண்டிய உடனே தாழ்ந்தது. அந்த ஹெல்மெட் திரும்பவே இல்லை. மணலுக்கு வெகு தூரம் முன்னாலேயே அழகாக நின்றது. ஓட்டி வந்த பெண் கண்ணாடியை இறக்கிச் சத்தம் போட்டுக் கேட்டாள்.

“அங்கிள், டைம் எங்க போட்டிருப்பாங்க? எனக்கு இன்னிக்குத்தான் முதல் நாள்!”

சென்னியப்பன் கொடியால் பலகையைக் காட்டினார். காட்டிய பிறகு, காட்டியிருக்க வேண்டாமோ என்று பட்டது.

கடைசியாக வந்த கார் கொஞ்சம் வேகம் கூடுதல். மணல் விளிம்பில்தான் நின்றது. அது கிளப்பிய மணல் சென்னியப்பனின் முகத்தில் சுரீரென்று அடித்தது. அவர் தன்னை அறியாமல் எகிறி ஒதுங்கினார். கொடி எங்கேயோ போய் விழுந்தது. அப்படியே டயர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

போன மாதம் நடந்தது முழுசாக ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்குப் பலகையில் எரிந்த எண்கள் அவர் வாழ்நாளில் ஓட்டாத வேகம். ஒரு தடவை பார்த்தார். நம்ப முடியாமல் இன்னொரு தடவை பார்த்தார். மணல் வந்து கண்ணாடியில் அறைந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆமாம், சிரித்துக்கொண்டிருந்தார். இந்த மாஸ்டர் இங்கே உயிர் பிழைக்க எகிறியபோது.

சென்னியப்பன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தலைமேல் சூரியன் கொதித்தது. பார்க்க யாரும் இல்லை.

சாரதாமணி நடந்தே வந்து சேர்ந்தார். விழுந்து கிடந்த கொடியை எடுத்துத் தட்டினார். கீழே உட்கார்ந்திருந்தவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“முன்னாடியே தெரியுமுங்களா?” என்றார் சென்னியப்பன்.

“பேடைப் பாத்தப்பவே. அதுல ஒரு குறையும் இல்லையே.”

“சொல்லியிருக்கலாமுங்களே.”

“சொல்லியிருந்தா வேற பேடு கேட்டிருப்பீங்க.”

சென்னியப்பன் மூக்கை உறிஞ்சினார். சிரிப்பும் வந்தது, வந்த சுவடு தெரியாமல் போனது.

“உங்க பேரைக் கெடுத்துட்டேனுங்களே அம்மணி. ஊரெல்லாம் பேடு பேடுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”

“ம்.”

“உங்களுக்குக் கோபம் வரலைங்களா?”

“வந்துது.” சாரதாமணி மணலை ஒரு கை அள்ளி விரல் வழியே விட்டார். “நான் ஓட்டின காலத்துல பலகை இடது பக்கம் இருந்துதுங்ணா. எனக்கு இன்னும் கழுத்து இடது பக்கம்தான் போகுது.”

டெஸ்ட் நாள் வந்தது.

காலையிலேயே காரின் சக்கரங்களைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார் சாரதாமணி. தரையில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று, பிரிக்காத புதுப் பெட்டி. உள்ளே அதே ரகத்துப் புது பேடு. இன்னொன்று, துணியில் சுற்றிய பழைய பேடு. மணலெல்லாம் போகத் துடைத்து, ஓரங்களைத் திருத்தி வைத்திருந்தது.

“எதைப் போடட்டுங்ணா?”

சென்னியப்பன் குந்தி உட்கார்ந்தார்.

புதுசைப் போட்டால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. கார் நின்றால், பேடு மாற்றினார், நின்றது என்பார்கள். லைசென்ஸ் இருக்கும். மாஸ்டர் தைரியமாக நிற்பார். ஊரில் சொன்ன சொல் சொன்னபடி இருக்கும். எல்லோருக்கும் சௌகரியம்.

பழசைப் போட்டு ஓட்டி, கழுத்து ஒரு நூல் திரும்பிவிட்டால்?

தூரத்தில், டயர் சுவர் ஓரம், ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. மாஸ்டர் வந்து நின்றுவிட்டார். கொடியை இடது கையில் பிடித்திருந்தார்.

சென்னியப்பன் வெகு நேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பழசைப் போடுங்க.”

“சரிங்ணா.”

இந்தத் தடவை சொன்ன ‘சரிங்ணா’ வேறு மாதிரி இருந்தது.

விளக்கு பச்சையானது. கார் பாய்ந்தது. இன்ஜின் அலறிய அலறலில் அவருக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. கோடு கிட்டே வந்து காருக்கு அடியில் போனது. வலது கண்ணின் ஓரத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. அதில் இருந்தது அவருடைய எண். அவருக்காகவே எரிகிற எண். நல்ல எண்ணாகவே இருக்கும் என்று உள்ளே ஏதோ சொன்னது. கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் அந்தப் பக்கமே இழுத்தது.

சென்னியப்பன் ஆரஞ்சுப் புள்ளியைப் பார்த்தார். மிதித்தார்.

பேடு கப்பென்று பிடித்தது. மார்பில் பெல்ட் அழுந்தியது. கார் குனிந்து, வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, நின்றது. முன்னால் எவ்வளவோ தார் மீதி இருந்தது. மணல் அதற்கும் அப்பால் கிடந்தது.

பின்னால் பலகை அணைந்தது. என்ன எண் காட்டியது என்று அவருக்குத் தெரியாது.

லூர்துராஜ் சுவரோரத்திலிருந்து ஓடி வந்தார். கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய, வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். ஓடிய ஓட்டத்தில் தோள் வலித்தது போலிருக்கிறது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டே கார் ஜன்னலில் குனிந்தார். கண் கலங்கியிருந்தது.

“நின்னுருச்சுங்ணா! நான் ஒரு அடி நகரலைங்க! புது பேடு என்னமாப் பிடிக்குது!”

சென்னியப்பன் ஹெல்மெட்டைக் கழற்றினார். சாரதாமணி வெகு தூரத்தில், கிளம்பிய இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே எதுவும் கேட்காது. சும்மா தலையாட்டினாலே போதும்.

மாஸ்டரின் கை இன்னும் தன் முறிந்த தோளிலேயே இருந்தது.

“புதுசு இல்லைங்க மாஸ்டர். அன்னிக்கு உங்க மேல வந்தேனே, அதே பேடுதானுங்க.”